பெட்டியில் என்ன வருமோ அதுதான் சமையல்

நார்தாம்ப்டன், மாசசூசெட்ஸ்
அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலம்தானே? போன வாரம் போனில், "காய்கறிக்கு யாராவது நாலு மாசம் முன்னாடியே காசு கட்டுவாங்களாடா?" என்று கேட்டுச் சிரித்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் அழ, வைத்துவிட்டாய். பதில் கொஞ்சம் நீளம், அதனால் எழுதிவிடுகிறேன்.

கட்டுவார்கள். நானும் என் அறைத்தோழனும் ஆளுக்குப் பாதி போட்டுப் பிப்ரவரியிலேயே கட்டினோம். அப்போது வெளியே தரையே தெரியாமல் பனி கிடந்தது. ஃபார்ம் ஷேர் என்று பெயர், அதாவது பண்ணையில் ஒரு பங்கு. விதை, உரம், கூலி என்று விவசாயிக்குச் செலவெல்லாம் முதலில் வந்து நிற்கும், வரவு அறுவடைக்குப் பிறகுதான். இடையில் அவர் கடனுக்கு அலையாமல் இருக்க, சாப்பிடப் போகிறவர்களே முன்பணம் கொடுத்துவிடுகிறோம். ஜூனிலிருந்து அக்டோபர் கடைசி வரை வாரம் ஒரு பெட்டி வரும். அமெரிக்காவில் இது 1986இல் இரண்டு பண்ணைகளில் தொடங்கியது. ஒன்று இதே மாசசூசெட்ஸில், இன்னொன்று பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரில். ஜப்பானில் அதற்கு முன்பே இருந்ததாம்.

ஒரு விஷயம், விளைச்சல் போனால் நமக்கும் போச்சு. பணம் திரும்பாது. போன வருஷம், 2023 ஜூலையில், கனெக்டிகட் ஆறு பெருகி இந்தப் பக்கத்துப் பண்ணைகள் பலவற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. வெள்ளம் பட்ட காய் பார்க்க நன்றாக இருந்தாலும் சாப்பிடக் கூடாது, அப்படியே மடக்கி உழ வேண்டியதுதான். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல்தான் இந்த மண்ணை இவ்வளவு நல்ல மண்ணாக்கியது, அதே ஆறுதான் இதையும் செய்தது. இதெல்லாம் தெரிந்தேதான் பணம் கட்டினேன், சிரிக்காதே.

முதல் பெட்டி ஜூனில் வந்தது. செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முடித்து, பண்ணைக் கொட்டகையில் பெயர் எழுதி வைத்திருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தேன். திறந்தால் பச்சையாகத் தின்னும் லெட்யூஸ் கீரை இரண்டு, ஒரு கட்டு முள்ளங்கி, கேல் என்ற சுருட்டைக் கீரை, பச்சைப் பாம்புக் குட்டிகள் போல வளைந்த ஏதோ தண்டு, அப்புறம் விண்வெளியிலிருந்து விழுந்ததுபோல நாலாபக்கமும் காம்பு நீட்டிய ஒரு பச்சை உருண்டை. அந்த உருண்டைக்குக் கோல்ராபி என்று சீட்டில் எழுதியிருந்தது. அரைமணி நேரம் தேடிப் பார்த்தால், அக்கா, அது நம் நூல்கோல்! இலையோடு நான் பார்த்ததே இல்லை. பாம்புக் குட்டி, பூண்டின் பூந்தண்டு. அதை ஒடித்துவிட்டால்தான் கீழே பூண்டு பருக்குமாம், அதனால் ஜூனில் மட்டும் கிடைக்கும். எண்ணெயில் வதக்கினால் பூண்டு வாசம், பீன்ஸின் கடி.

அந்த முதல் மூன்று வாரம் நான் செய்த கூத்தை உன்னிடம் மறைத்துவிட்டேன். பெட்டியை அப்படியே ஃப்ரிட்ஜில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவேன். சனிக்கிழமை திறந்தால் லெட்யூஸ் கூழ், முள்ளங்கி பஞ்சு, நம் துளசிக்குச் சொந்தமான பேசில் கறுப்பு. பாதி குப்பைக்கு. எடுக்க வேண்டியதை எடுக்காமல் பீட்சா வரவழைத்தோம். அதற்குள் அடுத்த செவ்வாய் வந்துவிடும், அடுத்த பெட்டியும். கடன்காரன் வாசலில் நிற்பதுபோல இருக்கும்.

அப்புறம் பண்ணையில் வேலை செய்யும் ஒரு பாட்டி என் முழியைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்வாய்?" ஃப்ரிட்ஜ் என்றேன். "கத்தியை எடு" என்றார். முள்ளங்கி, பீட்ரூட், கேரட் எதுவானாலும் இலையை உடனே நறுக்கிவிட வேண்டும். விட்டுவைத்தால் இலை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கிழங்கு தொய்ந்துவிடும். இந்த ஒரு வரிக்கே கட்டிய பணம் சரியாகப் போயிற்று என்பேன்.

இப்போது செவ்வாய்க்கிழமை இரவு ஒரு மணி நேரம் பெட்டிக்கு. நறுக்கிய இலைகளை அன்றைக்கோ மறுநாளோ தீர்த்துவிடுவேன். கீரையைக் கழுவி வைப்பதில்லை, ஈரம் இருந்தால் அழுகும். துணியில் சுற்றிப் பையில் போட்டால் வாரம் தாங்கும். வாடினதைக் குளிர்ந்த தண்ணீரில் அரைமணி போட்டால் எழுந்து நிற்கிறது, நானே நம்பவில்லை. பேசிலுக்குக் குளிர் ஆகாது, அதைப் பூங்கொத்து மாதிரி டம்ளர் தண்ணீரில் வெளியே வைக்க வேண்டும். தக்காளியும் வெளியேதான், ஃப்ரிட்ஜில் வைத்தால் ருசி போய்விடும். சமைக்கிற வரிசையும் அப்படியே. முதலில் இலை, அடுத்து ஜுக்கினி (வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும் பூசணி வகை), பீன்ஸ் மாதிரி தண்ணீர்க் காய்கள், வாரக் கடைசிக்கு முட்டைக்கோஸும் கிழங்கும். என்ன சாப்பிடலாம் என்று யோசிக்கிற வேலையே இல்லை. எது முதலில் வாடுமோ அதுதான் அன்றைய சமையல்.

பீட்ரூட் இலையை நாம் தூக்கிப் போட்டோமே, எத்தனை கட்டு! இங்கே சுவிஸ் சார்ட் என்று தண்டு சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கீரை வருகிறது. அதுவும் பீட்ரூட்டும் ஒரே செடி இனம்தான், ஒன்றைக் கிழங்குக்காகவும் இன்னொன்றை இலைக்காகவும் வளர்த்தெடுத்திருக்கிறார்கள். இரண்டையும் பருப்போடு கடைந்தேன். தோழனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆகஸ்டில் தக்காளியும் ஜுக்கினியும் கொட்டியது. ஜுக்கினி இரண்டு நாள் கண்டுகொள்ளாமல் விட்டால் செடியிலேயே கை நீளம் ஆகிவிடுமாம். கொட்டகை ஓரத்தில் மாற்றுக் கூடை ஒன்று இருக்கும். வேண்டாததை அதில் போட்டுவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அந்த மாதம் கூடை முழுக்க ஜுக்கினிதான், எடுப்பார் இல்லை. தக்காளியை முழுசாகவே ஃப்ரீசரில் போட்டோம். வெந்நீரில் காட்டினால் தோல் சட்டை மாதிரி கழன்று வந்துவிடும். கீரை மிஞ்சினால் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிஷம், உடனே ஐஸ் தண்ணீரில், பிழிந்து பையில் கட்டித் தேதி எழுதி உள்ளே. ஒரு கூடை கீரை இரண்டு கைப்பிடியாகச் சுருங்கிப்போகும். கொதிக்க வைக்காமல் போட்டால் நிறமும் மணமும் கெடும், அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

போன வாரம் முதல் உறைபனி. தக்காளிச் செடி ஒரே ராத்திரியில் கறுத்துவிட்டது. ஆனால் கேல் அதே பனியில் இனித்துப்போனது. உறையாமல் இருக்க மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளுமாம். ஜூனில் நான் திட்டிக்கொண்டே தின்ற அதே கீரையைத் தோழன் இப்போது பச்சையாகவே பிய்த்துத் தின்கிறான். கேரட்டும் அப்படித்தான்.

இன்னும் ஒரு பெட்டிதான் பாக்கி. ஃப்ரிட்ஜ் தலையில் பட்டர்நட் பூசணி ஆறு உட்கார்ந்திருக்கிறது. காம்பு ஒடியாமல், குளிர்ச்சியாக, ஈரமில்லாத இடத்தில் இருந்தால் மாதக்கணக்கில் தாங்கும் என்கிறார்கள். ஃப்ரிட்ஜ் தலை சூடு, இடம் மாற்ற வேண்டும். கட்டிலுக்கு அடியில் வைக்கலாமா என்று பார்க்கிறோம்.

நூல்கோல் இலையை நீ எப்போதாவது சமைத்திருக்கிறாயா? கொஞ்சம் கசக்கிறது. தேங்காய் போடலாமா, இல்லை பருப்பா? சின்னவன் தூங்குகிற நேரம் பார்த்து ஞாயிறு கூப்பிடுகிறேன், அப்போது சொல்.

அன்புடன்,
உன் தம்பி