மயக்கம் வருவது வேறு, மயங்கி விழுவது வேறு: ஒரு புகார்

அனுப்புநர்:
நோயாளியின் கணவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

பெறுநர்:
குறைதீர்ப்புப் பிரிவு,
தொலைபேசி வழி மருத்துவ மொழிபெயர்ப்பு நிறுவனம், அமெரிக்கா.

பொருள்: தங்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என் மனைவி சொன்னதை மாற்றிச் சொன்னது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். இந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன் என்று என் மகள் சொன்னாள். வேண்டாம் என்றேன். தமிழில் சேவை உண்டு என்று சொல்லும் நிறுவனத்தில் தமிழ்க் கடிதம் படிக்க ஒருவராவது இருப்பார் அல்லவா.

மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் டல்லாஸ் போயிருந்தோம். குழந்தை பிறந்த பத்தாம் நாள் காலை, மகளுக்குப் பூண்டுக் குழம்பு வைக்கிற மும்முரத்தில் இவள் சாப்பிட மறந்துவிட்டாள். மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை ஆரஞ்சு ஜூஸ் கொடுத்து, எங்கள் இருவரையும் காரில் ஏற்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். அவர் மராத்திக்காரர். தங்கமான பையன், ஆனால் தமிழில் 'சாப்ட்டீங்களா மாமா' தாண்டி வராது. எனக்குக் கொலுசுப் பட்டறையில் பில் போடுகிற அளவுக்குத்தான் இங்கிலீஷ்.

நர்ஸ் ஒரு அட்டையை நீட்டினார். பல மொழிகளின் பெயர்கள் அந்தந்த எழுத்திலேயே அச்சாகியிருந்தன. 'தமிழ்' என்ற எழுத்தைப் பார்த்ததும் என் மனைவி அதில் விரல் வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நேரத்தில் அவளுக்குப் பாதி தெம்பு வந்துவிட்டது. அதை உங்கள் கணக்கில் நல்லதாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஸ்பீக்கரில் உங்கள் ஆள் வந்தார். தன் ஐடி எண்ணைச் சொன்னார். பின்னால் குக்கர் விசில் கேட்டது. நோயாளியின் உடம்புச் சங்கதி பேசுகிற இடத்தில் யார் வீட்டு அடுப்படி அது?

டாக்டர் என்ன ஆச்சு என்று கேட்டார். என் மனைவி சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "விடியக்காலைல சர்க்கரை மாத்திரை போட்டுட்டேங்க. சாப்பிட நேரமாயிருச்சு. கிறுகிறுன்னு மயக்கமா வந்துச்சு, கை நடுங்குச்சு, உக்காந்துட்டேன்." இன்னும் நிறையச் சொன்னாள். இரண்டு நிமிடம் இருக்கும். உங்கள் ஆள் ஆங்கிலத்தில் சொன்னது ஒரே வரி. அதில் 'சுகர் டேப்லெட்' என்று காதில் விழுந்தது. நானும் தலையாட்டினேன். நம்ம ஊரில் அதற்கு அதுதானே பெயர்.

அந்த ஊரில் அப்படிச் சொன்னால் சர்க்கரை ஏற்றுகிற மாத்திரை என்று அர்த்தமாகிவிடும் என்று மறுநாள்தான் தெரிந்தது. மகள் தன் போனில் மருத்துவமனைக் குறிப்பைத் திறந்து படித்தாள்: 'நினைவிழந்து விழுந்தார். சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.' விழவே இல்லை. சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டதுதான் காரணம். விரலில் குத்திப் பார்த்தபோது ஜூஸ் வேலை செய்திருந்ததால் அளவு சரியாகவே காட்டியது. அதனால் தலைக்கு ஸ்கேன், நெஞ்சில் ஒயர், இரவு முழுக்க படுக்கை. மகள் பச்சைக் குழந்தையோடு வீட்டில் அழுதுகொண்டிருந்தாள்.

டாக்டர் மேல் எனக்குக் குறை இல்லை. அவர் காதுக்குப் போனதை வைத்துச் சரியாகத்தான் செய்தார். ஊர் திரும்பியதும் எங்கள் தெரு டாக்டரிடம் இவள் 'மயக்கம்' என்றவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி: "கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சா, இல்ல விழுந்தே போயிட்டீங்களா?" உங்கள் ஆள் கேட்டிருக்க வேண்டியது இந்த ஒன்றுதான். புரியவில்லை என்றால் நிறுத்திக் கேட்பதில் என்ன குறைந்துவிடும்?

அங்கே இது தயவுக்குச் செய்கிற வேலையும் இல்லை. 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டமும், 2010-இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவும் இருப்பதால்தான், அரசு நிதி பெறும் மருத்துவமனை ஆங்கிலம் தெரியாத நோயாளிக்கு இலவசமாக மொழிபெயர்ப்பாளர் வைக்கிறது என்று மகள் விளக்கினாள். கூட வந்த சொந்தக்காரரையே பேச வை என்று கட்டாயப்படுத்தவும் கூடாதாம். சும்மா இரு மொழி தெரிந்தால் போதாது. கூட்டாமல் குறைக்காமல், ரகசியம் காத்துச் சொல்பவராக இருக்க வேண்டும். ஸ்பானிஷ், மாண்டரின் போன்ற சில மொழிகளுக்குப் பேச்சுத் தேர்வு வைத்து மருத்துவ மொழிபெயர்ப்புச் சான்றிதழ் தருகிறார்கள். தமிழுக்கு அப்படித் தனித் தேர்வு இல்லை. அப்படியானால் ஆளைச் சோதித்து எடுக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. வெள்ளியில் டச், அதாவது சுத்தம், குறைந்தால் நாங்கள் உருக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவோம். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

உங்களுக்குப் பணம் கொடுப்பது மருத்துவமனை, நான் அல்ல என்று பதில் வரலாம். சேவை போய்ச் சேர்ந்தது என் மனைவிக்கு. அதனால் கேட்கிறேன். அழைப்பின் பதிவு இருந்தால் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். தவறு நடந்தது என்று மருத்துவமனைக்கு எழுத்தில் கொடுங்கள். நோயாளியின் மருத்துவத் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டப்படி குறிப்பைத் திருத்தச் சொல்லி மனைவி பெயரில் விண்ணப்பம் தயாராக இருக்கிறது, உங்கள் கடிதம் கூட இருந்தால் அதற்குப் பலம். அடுத்த முறை பயணக் காப்பீடு எடுக்கும்போது, விழாத பெண்ணை 'விழுந்தவர்' என்று எழுதிக்கொடுக்க நாங்கள் தயாரில்லை. அந்த மொழிபெயர்ப்பாளரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லவில்லை. சர்க்கரை மாத்திரை, கிறுகிறுப்பு, படபடப்பு, நெஞ்சு கரிப்பு எல்லாம் என்னவென்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு மறுபடி வருகிறோம். "அன்னிக்குப் பேசுனவரே போன்ல வருவாரா?" என்று மனைவி இப்போதே கேட்கிறாள். அதற்கு முன் பதில் வந்தால் நல்லது. தமிழிலேயே எழுதுங்கள், அவளே படித்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
நோயாளியின் கணவர்,
சேலம்.