கேமராவின் மெமரி கார்டில் படங்கள் காணோமா? கார்டைக் கழற்றி வையுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "கேமராவில் கார்டு எரர் என்று வந்தது, அதற்கப்புறம் என்னென்னவோ செய்து பார்த்தோம்" என்று சொல்லிக்கொண்டு எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பலர். அந்த 'என்னென்னவோ' பற்றித்தான் இந்த மடல். கார்டு பழுதாகிப் போன படங்களை எங்களால் பல நேரம் மீட்க முடிகிறது. பழுதான பின் பதற்றத்தில் செய்த காரியங்களால் போனவைதான் கை நழுவிவிடுகின்றன.

கார்டில் படங்கள் ஓரிடத்தில் இருக்கும். எந்தப் படம் எங்கே என்ற அட்டவணை வேறோர் இடத்தில் இருக்கும். ஒரு படத்தை அழித்தால் கேமரா அட்டவணையில் மட்டும் 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்கிறது. வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றியாயிற்று, ஆள் உள்ளேயே இருக்கிறார். கார்டை மொத்தமாகக் காலி செய்ய கேமராவில் செய்யும் சாதாரண ஃபார்மட்டும் பெரும்பாலும் இந்த அளவுதான். ஆனால் அடுத்து எடுக்கும் படம் அந்தக் 'காலி' இடத்தில் போய் உட்காரலாம். அப்படி மேலே எழுதப்பட்டுவிட்டால் எங்களாலும் முடியாது, வேறு யாராலும் முடியாது.

ஆகவே படம் காணவில்லை என்று தெரிந்த நொடியில் கேமராவை அணைத்துக் கார்டை எடுத்துவிடுங்கள். புதிதாக எதுவும் எழுதப்படாமல் இருக்க, எஸ்டி கார்டின் ஓரத்தில் உள்ள சிறிய பூட்டைக் கீழே தள்ளிவிடுங்கள். மைக்ரோ எஸ்டி கார்டில் அது கிடையாது. அடாப்டரில் போட்டு அதன் பூட்டைத் தள்ளலாம். கணினியில் செருகியதும் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சில கேமராக்களில் உள்ள லோ லெவல் ஃபார்மட்டும், விண்டோஸில் 'குவிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபார்மட்டும் அட்டவணையோடு நிற்பதில்லை, படங்களையே துடைத்துவிடும். பிழை திருத்துகிறேன் என்று விண்டோஸ் முன்வந்தாலும் இப்போதைக்கு விடாதீர்கள். அது அட்டவணையைச் சரிசெய்யும் முயற்சியில் உங்கள் படங்களை அடையாளம் தெரியாத துண்டுகளாக்கிவிடக்கூடும்.

ஒரு முறை வேறு கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளைச் சரியாகப் படிக்காத பழைய ரீடர்கள் உண்டு. குற்றம் ரீடரிடம் இருக்க, கார்டு செத்துவிட்டது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறோம்.

வீட்டிலேயே முயல விரும்பினால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் நல்லது. அது அட்டவணையை நம்புவதில்லை. ஜேபெக் (கேமராக்கள் வழக்கமாகச் சேமிக்கும் பட வகை) படம் எல்லாமே ஒரே மாதிரியான சில பைட்டுகளில்தான் தொடங்கும். கார்டு முழுக்க அவற்றைத் தேடி அங்கிருந்து படத்தை எடுக்கும். மீட்ட படங்களைக் கணினியில்தான் சேமிக்க வேண்டும். அதே கார்டில் சேமித்து, மீட்கப்போன படங்களின் மேலேயே எழுதிவிட்ட ஒருவர் எங்களிடம் வந்தார். அவருக்குப் பாதிதான் கிடைத்தது. அதை நினைத்தால் இன்றும் எங்களுக்கு வருத்தம். பழைய ஃபைல் பெயர்கள் திரும்பி வராது. எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். சில படங்களில் மேல் பாதி மட்டும் வந்து கீழே சாம்பல் நிறமாக இருக்கும். வீடியோக்கள் துண்டு துண்டாகப் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் மீட்பது கடினம்.

கார்டு எந்த ரீடரிலும் தெரியவே இல்லை என்றால் உள்ளிருந்து கார்டை இயக்கும் கன்ட்ரோலர் என்ற சில்லு போயிருக்கலாம். அதற்கு மென்பொருள் உதவாது. நினைவகச் சில்லை நேரடியாகப் படிக்கும் சிறப்பு ஆய்வகங்களுக்குத்தான் போக வேண்டும். அந்த வேலையை நாங்கள் செய்வதில்லை, பார்த்ததும் சொல்லிவிடுவோம்.

எங்களை மிகவும் வேதனைப்படுத்துவது போலிக் கார்டுகள். மேலே 128 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். அந்த எட்டைத் தாண்டி எடுத்த படங்கள் உருப்படியாகப் பதிவாவதே இல்லை, முன்பு எடுத்தவையும் கெடலாம். பதிவாகாததை எங்கே போய்த் தேடுவது? புதுக் கார்டு வாங்கினால் முக்கியமான நிகழ்ச்சிக்கு எடுத்துப்போகுமுன் அதை முழுதும் நிரப்பி, எல்லாம் திறக்கிறதா என்று பாருங்கள்.

எங்களிடம் வரும்போது கார்டோடு, பிழை வந்தது முதல் என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி எடுத்துவாருங்கள். ஃபார்மட் செய்திருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை, எங்கிருந்து தொடங்குவது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். முதலில் கார்டு முழுவதையும் அப்படியே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியில்தான் வேலை செய்வோம். கிடைத்த படங்களை நீங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு எங்கள் கணினியில் உள்ளதை அழித்துவிடுவோம். அதுவரை அந்தக் கார்டை மறுபடியும் கேமராவில் போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கேமரா பழுதுபார்க்கும் கடையினர்