முதல் பேட்ச் இறக்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். மாப்பிள்ளையையும் உன் மாமியாரையும் கேட்டதாகச் சொல்.

சித்திரை பிறந்ததும் கொட்டகையில் கறிக்கோழிக் குஞ்சு இறக்கப்போவதாக மாப்பிள்ளை சொன்னார். உடனே விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். கோழிகள் இரண்டு கிலோவைத் தொடும்போது கத்திரி வெயில் உச்சத்தில் நிற்கும். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். தீவனக் கணக்கு நோட்டிலேயே இதை வைத்துக்கொள்.

சித்திரையில் குஞ்சுக்கு எதற்குச் சூடு என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். காதில் வாங்காதே. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வலு முதல் வாரத்துக் குஞ்சுக்குக் கிடையாது. 33 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் இறக்கிக்கொண்டு போகலாம். ஒடுகத்தூரில் பகல் எப்படிக் கொளுத்தினாலும் விடியற்காலையில் ஜவ்வாது மலைக் காற்று இறங்கும். குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே புரூடரை, அதாவது குஞ்சுக்குச் சூடு தரும் விளக்கைப் போட்டு, தரையில் பரப்பிய தேங்காய் நார்த்தூளைச் சூடாக்கி வை. இறக்கிவிட்டுச் சிறிது நேரம் கழித்து நாலைந்து குஞ்சுகளை எடுத்து, அவற்றின் பாதங்களை உன் கன்னத்தில் வைத்துப் பார். சில்லென்றிருந்தால் தரை இன்னும் சூடேறவில்லை என்று அர்த்தம்.

சூடு பார்க்கும் மீட்டரைக் குஞ்சின் முதுகு உயரத்தில் கட்டு. நம் தலை உயரத்தில் கட்டினால் அது நமக்கான கணக்கு. அதோடு விட்டுவிடாமல், இரவு 2 மணிக்கு ஒருமுறை எழுந்துபோய்க் குஞ்சுகள் படுத்திருக்கும் கோலத்தைப் பார். புரூடருக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். தகரத் தடுப்பை ஒட்டி ஒதுங்கி, சத்தமின்றி வாயைத் திறந்து கிடந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் நெருக்கிக்கொண்டால் படுதா எங்கோ விலகிக் காற்று நுழைகிறது, தேடிக் கட்டு. இறைத்துவிட்ட கடலைபோல வட்டம் முழுக்கப் பரவி, சில தின்றுகொண்டும் சில தூங்கிக்கொண்டும் இருந்தால் நீயும் போய்த் தூங்கலாம்.

இனி கத்திரி. நீ விடுதியில் படித்துக்கொண்டிருந்தபோது நம் கொட்டகையில் நடந்ததை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. வேலூரில் 106 டிகிரி பாரன்ஹீட் என்று பத்திரிகையில் போட்டிருந்த நாள் அது. நம் மீட்டரின் செல்சியஸ் கணக்கில் 41. கோழியின் உடம்புச் சூடே ஏறக்குறைய அவ்வளவுதான். வெளிக்காற்றும் அதே சூட்டில் இருக்கும்போது மின்விசிறி மட்டும் என்ன செய்யும்? அனல் உள்ளே வரக்கூடாது என்று இரண்டு பக்கப் படுதாவையும் இறக்கிவிட்டு, உள்ளே தண்ணீர் தெளித்தேன். அங்கேதான் தவறினேன். கோழிக்கு வியர்க்காது. மூச்சிரைத்து, அந்த ஈரத்தோடுதான் சூட்டை வெளியே தள்ளுகிறது. காற்று நகராத கொட்டகையில் நான் மேலும் ஈரத்தைச் சேர்த்து அந்த வழியையும் அடைத்துவிட்டேன். போதாததற்கு, எடை ஏறட்டும் என்று காலை 11 மணிக்குத் தீனி வேறு போட்டிருந்தேன். அது செரிக்கும்போது உள்ளே எழும் சூடும், வெளி வெயிலும் பிற்பகலில் ஒன்றுசேர்ந்தன.

தண்ணீர்க் குழாயருகே ஒரு சேவல் கிடந்தது. கழுத்தை நீட்டி, இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கி, வயிற்றை நார்த்தூளில் அழுத்திக்கொண்டு. தொண்டை விடாமல் துடித்தது. கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனையான நிப்பிள் அதன் தலைக்கு மேல் ஒரு சாண்தான். எழுந்து குடிக்க வலுவில்லை. தூக்கிக் கிண்ணத்தில் தண்ணீர் காட்டினேன். என் கையிலேயே தலை சாய்ந்துவிட்டது. இருட்டுவதற்குள் 60 கோழிகளுக்கு மேல் குழியில் போட்டோம். உன் அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. படுதாவைச் சுருட்டிக் கட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

நம் வீட்டு நாட்டுக்கோழி வெயில் ஏறும்போதே புளியமரத்தடியில் மண்ணைப் பறித்து உட்கார்ந்துவிடுகிறது. கறிக்கோழிக்கு அப்படித் தேடிப்போக இடமில்லை. அதற்கு நிழலும் காற்றும் நீதான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

அதனால் காலை 9 மணிக்கே தீனித் தட்டுகளை உயரே தூக்கிவிடு. பொழுது சாய்ந்தபின் இறக்கு. விளக்கு வெளிச்சத்தில் இரவு தின்னட்டும். தின்பது குறைந்து எடை பின்தங்கினால், குஞ்சு கொடுத்து வளர்க்கச் சொல்லும் கம்பெனியின் சூப்பர்வைசர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். தண்ணீர் மட்டும் குறையக் கூடாது. சாதாரண நாளிலேயே தீனியைப்போல் இரண்டு மடங்கு குடிக்கும். கத்திரியில் இன்னும் கூடும். மாடித் தொட்டிக்குக் கீற்று வேய்ந்து, மதியம் குழாயில் நின்று சூடான தண்ணீரைத் திறந்து வெளியேற்று. சூடான தண்ணீரைக் கோழி குடிக்காது. தண்ணீர் தெளிப்பதென்றால் கூரைமேல் தெளி. நனைத்த சாக்கைக் காற்று வீசும் நேரத்தில் மட்டும் தொங்கவிடு. கோடை மழை பெய்து புழுங்கும் மாலையில் சாக்கு வேண்டவே வேண்டாம். படுதாவைத் திறந்து விசிறியைப் போடு. கோழிகள் நெருக்கமாக உட்கார்ந்துவிட்டால் உள்ளே மெதுவாக நடந்து எழுப்பிவிடு. அடியில் அடைபட்ட சூடு வெளியேறும். ஓட்டிக் கலைக்காதே.

வெள்ளிக்கிழமை அப்பா பஸ்ஸில் வருகிறார். 40 சணல் சாக்குகள் தைத்து வைத்திருக்கிறேன், கொடுத்தனுப்புகிறேன். குஞ்சு இறக்கிய அன்று இரவு 2 மணிக்குப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய். நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா