ஆலோசனைக்கு வந்தவரின் செய்தி விளம்பரமாகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக ஊடகங்களின் துணையோடு வீட்டிலிருந்தே தொழில் நடத்தும் பெண்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தையல், மசாலாப் பொடி, அழகுக்கலை என்ற வரிசையில் ‘ரிலேஷன்ஷிப் கோச்சிங்’ எனப்படும் உறவுப் பயிற்சியும் அதில் இடம்பெற்றிருந்தது. இதற்கு முதலீடு வேண்டாம், ஒரு கைப்பேசியும் நாளுக்கு ஒரு ரீல்ஸும் இருந்தால் வாடிக்கையாளர்கள் தேடி வருவார்கள் என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு தொண்டு நிறுவனத்தின் குடும்ப ஆலோசனை மையத்தில் பதினாறு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, நான்கு ஆண்டுகளாக ஈரோட்டில் தனியே ஆலோசனை அளித்துவருபவள் நான். என்னிடம் வருபவர்களிலும் பாதிப்பேர் இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு வருபவர்களே என்பதால், கட்டுரையில் விடுபட்ட ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சமூக ஊடகத்தில் ஆள் சேர்ப்பதே தவறு என்பது என் கட்சி அல்ல. மையத்தில் இருந்த காலத்தில் எங்களிடம் வந்த தம்பதியரில் பெரும்பாலோர், இரு வீட்டுப் பெரியவர்களும் பலமுறை கூடிப் பேசி, அந்தப் பேச்சே வாய்த்தகராறாக முற்றி, மகளிர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்த பிறகு அங்கிருந்து அனுப்பப்பட்டவர்கள். அதற்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதையே விட்டிருப்பார்கள். இன்றோ, சண்டை முடிந்து இரவு பதினொரு மணிக்கு அடுக்களையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கண்ணிலோ, துபாயில் அறை நண்பர்கள் உறங்கிய பிறகு விழித்திருக்கும் ஒரு கணவனின் கண்ணிலோ, கோபம் தணிந்தபின் முதல் வார்த்தையை யார், எப்படி எடுப்பது என்று சொல்லும் இரண்டு நிமிடக் காணொளி படுகிறது. மறுநாள் தயங்கித் தயங்கி ஒரு செய்தி அனுப்புகிறார்கள். நாங்கள் தெருத்தெருவாகத் துண்டறிக்கை கொடுத்துச் செய்ய முடியாததை இந்தக் காணொளிகள் செய்திருக்கின்றன என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

என் வருத்தமெல்லாம் அந்தத் தயக்கமான செய்தி பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றியது. சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண்மணி, அதற்கு முன் இணையவழிப் பயிற்சியாளர் ஒருவரிடம் ஐந்து அமர்வுகள் பேசியவர். (அவருடைய ஒப்புதலோடு, அவரே படித்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மூன்றாம் அமர்வுக்குப் பிறகு அவர் நன்றியோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருக்கிறார்: நேற்று ராத்திரி அவரே தோசை வார்த்துக் கொடுத்தார், ஆறு மாதத்திற்குப் பிறகு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம், பாப்பாவும் தூங்காமல் கூடவே உட்கார்ந்திருந்தாள் என்று. அதன் ஸ்கிரீன்ஷாட் இரண்டே நாளில், பின்னணி இசையோடு, ‘எங்கள் வெற்றிக் கதை’ என்ற தலைப்பில் வெளியானது. பெயரின்மீது கறுப்புக் கோடு இழுத்திருந்தார்கள். ஆனால் குழந்தையை வீட்டில் அழைக்கும் செல்லப்பெயர் அப்படியே இருந்தது. அதைப் பார்த்த நாத்தனார், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிட்டார். ஆறு மாதம் பேசாமல் இருந்த விஷயம் அதுவரை மாமியாருக்கே தெரியாது. தோசை வார்த்துக் கொடுத்த அந்தக் கணவர், மறுபடியும் பேச்சை நிறுத்திவிட்டார்.

நீக்கச் சொல்லிக் கேட்டபோது, முதல் நாள் நிரப்பிய கூகுள் படிவத்தின் கடைசி வரியில் இதற்குச் சம்மதம் பெற்றிருக்கிறோம் என்று பதில் வந்ததாம். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது குறிப்பிட்ட நோக்கத்திற்காக, விவரம் அறிந்து, ஐயத்திற்கு இடமின்றித் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்றும், தந்த எளிமையோடே அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அழுதுகொண்டே படிவம் நிரப்பும் ஒருவர் கடைசி வரியில் இடும் ‘டிக்’ அப்படிப்பட்ட ஒப்புதல்தானா என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும். அப்பெண்மணி என்னிடம் வந்த முதல் நாள், நாற்காலியில் அமர்வதற்கு முன்பே, என் கைப்பேசியை அணைத்து மேசைமேல் வைக்கச் சொன்னார்.

இதே குடும்பச் சிக்கல் நீதிமன்றத்திற்குப் போனால் நிலைமை வேறு. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டப்படி, தம்பதியரில் ஒருவர் விரும்பினாலே விசாரணையை மூடிய அறைக்குள் நடத்தியாக வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, அத்தகைய வழக்கு நடவடிக்கைகளை அச்சிட்டு வெளியிடுவதையே குற்றமாக்கி, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வழக்குத் தேடக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. இணையதளங்கள் வழியாக அவ்வாறு செய்வோர் மீது நடவடிக்கை எடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது. மருத்துவர்களுக்கும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ‘கோச்’ என்று பலகை மாட்டிக்கொள்வதற்கு மட்டும் எந்தப் பதிவும் தேவையில்லை. பன்னாட்டுப் பயிற்சியாளர் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் முதல் நிலைச் சான்றிதழுக்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரப் பணி அனுபவமும் வேண்டும். நம் ஊரில் வார இறுதி வகுப்பு ஒன்றில் கிடைத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, அதன் முன் நின்று ரீல்ஸ் எடுப்பவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

தொண்ணூற்றொன்பது ரூபாய் வெபினாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று மணி நேர ஜூம் கூட்டத்தில் முதல் இரண்டரை மணி நேரம் உங்கள் வேதனையைக் கிளறுவார்கள். கடைசி அரை மணி நேரத்தில் பல்லாயிரம் ரூபாய்க்கு ‘பேட்ச்’ எனப்படும் பயிற்சி வகுப்பு ஒன்றை அறிமுகப்படுத்தி, இந்தச் சலுகை இன்றிரவு பன்னிரண்டு மணி வரை மட்டுமே என்பார்கள். பிரிந்தவர் முப்பதே நாளில் திரும்பி வருவார், நூறு சதவீதம் உறுதி என்ற வாக்குறுதியும் கூடவே வரும். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் கணவன் திரும்பி வரவில்லை என்று நுகர்வோர் ஆணையத்தில் எந்தப் பெண் புகார் கொடுப்பாள்? இதைவிடக் கொடுமை, அடிவாங்கும் பெண்ணுக்கும் அதே ‘பேட்ச்’ விற்கப்படுவது. அவருக்குச் சொல்ல வேண்டியது 181 என்ற உதவி எண்ணையும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தையும்தான். கணவனைக் கவரும் ஐந்து வழிகளை அல்ல.

நானும் இந்தச் சபலத்திற்கு ஆளானவள்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. விளம்பரத்துக்கு உதவிய இளைஞர், துணை பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று நான் பேசிய காணொளியைச் சில நூறு பேரே பார்த்ததையும், மாமியாரைப் பற்றிப் போகிறபோக்கில் சொன்னதை ஒரே இரவில் பல்லாயிரம் பேர் பார்த்ததையும் எடுத்துக்காட்டி, “இனிமேல் தினமும் மாமியார்தான் மேடம்” என்றார். இரண்டு வாரம் அவர் சொல்லைக் கேட்டேன். வந்தவர்கள் எல்லாரும் ஆலோசனைக்கு அல்ல, தீர்ப்புக்கு வந்தார்கள், அத்தோடு விட்டுவிட்டேன். இப்போது என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் என் கல்வித் தகுதியும் ஓர் அமர்வுக்கான கட்டணமும் வெளிப்படையாக இருக்கின்றன. காணொளியில் வரும் தம்பதி கற்பனை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பின்னூட்டத்தில் சொந்தக் கதையை எழுதத் தொடங்குபவர்களைத் தொலைபேசிக்கு வரச் சொல்லிவிட்டு, அந்தப் பின்னூட்டத்தை நீக்கிவிடுகிறேன். வாடிக்கையாளர் எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறுகிறது; ஆனால் வந்தவர்கள் தங்கள் அக்காவையும் நண்பரையும் அனுப்புகிறார்கள்.

துணைமருத்துவம் மற்றும் சுகாதாரப் பணியாளர்களுக்கான 2021-ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம், உளவியலாளர்களையும் சில வகை ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கட்டணம் பெற்றுக்கொண்டு மணவாழ்க்கைச் சிக்கல்களில் தலையிடும் எவரையும், அவர் தம்மை என்ன பெயரில் அழைத்துக்கொண்டாலும், ஏதேனும் ஒரு பதிவேட்டின்கீழ்க் கொண்டுவர அரசு முன்வர வேண்டும். வாடிக்கையாளரின் செய்தி, குரல்பதிவு, கண்ணீர் ஆகியவற்றை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதையும் அப்போதே தடை செய்ய வேண்டும். தங்களிடமும் ஒரு வேண்டுகோள்: இத்தகைய தொழில்முனைவோரைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, அவருக்கு எத்தனை பேர் ‘ஃபாலோயர்ஸ்’ என்பதோடு, அவர் என்ன படித்திருக்கிறார், எங்கே பயிற்சி பெற்றார் என்பதையும் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
குடும்பநல ஆலோசகர் ஒருவர்,
ஈரோடு.
(என்னிடம் வருவோரின் நலன் கருதிப் பெயரைத் தவிர்த்திருக்கிறேன், பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்குத் தனியே இணைக்கப்பட்டுள்ளன.)