அப்பாவுக்கு, ஈ எண்ணும் படிப்பைப் பற்றி

ரொறன்ரோ
மாசி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். குளிரைப் பற்றி அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன். வட்டக்கச்சியில் காண்பவர்கள் எல்லோரும் "மகள் எப்போது டொக்டராவாள்" என்று கேட்பதாகச் சொன்னீர்களே, இந்தக் கடிதம் அதற்கு மட்டும்.

இங்கே மருத்துவபீடத்துக்குப் போக, பெரும்பாலும் முதலில் ஒரு பட்டப்படிப்பு வேண்டும். அதற்கு ஏணியாகத்தான் நானும் உயிரியலை எடுத்தேன். இப்போது ஏணியிலேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது.

பேராசிரியர்களின் ஆய்வுகூடங்களில் இரண்டாம் ஆண்டு மாணவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்குக் கிடைத்தவை பழ ஈக்கள், நம் வீட்டு வாழைக்குலையை மொய்க்கும் சின்ன ஈக்களைப் போன்றவை. முட்டை பத்தே நாளில் ஈயாகிவிடும். காபனீரொட்சைட்டால் மயக்கி, நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பரப்பி, மெல்லிய தூரிகையால் ஒதுக்கி, கண்ணின் நிறம் பார்த்து எண்ணுவதுதான் என் வேலை. வெள்ளைக்கண் பெண்ணைச் சிவப்புக்கண் ஆணோடு சேர்த்தால், பிறக்கும் ஆண்கள் வெள்ளைக் கண்ணோடும் பெண்கள் சிவப்புக் கண்ணோடும் வர வேண்டும். கண்ணிறத்தின் பரம்பரையலகு, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் இலிங்க நிறமூர்த்தத்தில் இருப்பதை மோர்கன் என்ற விஞ்ஞானி 1910 இல் இப்படி ஈக்களைக் கலந்து எண்ணித்தான் கண்டுகொண்டார்.

எனக்கோ பதினொரு பெண் ஈக்கள் வெள்ளைக் கண்ணோடு வந்தன. இரண்டு தரம் எண்ணினேன். பிழை என்னுடையதே: தாயாக வேண்டிய வெள்ளைக்கண் பெண் ஈக்களை, அவை பிறந்து எட்டு மணித்தியாலத்துக்குள் பிரிக்காமல் பிந்திப் போனதால், அவை போத்தலுக்குள்ளேயே வெள்ளைக்கண் ஆண்களோடு சேர்ந்துவிட்டன. விதைநெல்லுக்கென்று விட்ட வயலில் இனம் மாறிய பயிரைப் பிடுங்க ஒரு நாள் பிந்தியதற்கு நீங்கள் என்னை ஏசியது அப்போது நினைவுக்கு வந்தது. ஊரில் உயர்தர வகுப்பில் என்றால், புத்தகத்து விடையைச் செய்முறைக் கொப்பியில் எழுதி ஒப்பேற்றியிருப்பேன். இங்கே ஆய்வுகூடத்து அக்கா, "வந்ததை வந்தபடி எழுது, ஏன் வந்தது என்பதையும் எழுது" என்றார். அந்தப் பக்கத்தை எழுத மூன்று நாட்கள் பிடித்தன.

அம்மா போடும் இன்சுலின் இந்த ஊரில்தான் 1921 இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கான ஆய்வைத் தொடங்கிய இருவரில் பான்டிங் டொக்டர். மற்றவரான பெஸ்ட், அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த மாணவர். கேட்பவர்களுக்கு அந்த இரண்டாமவரைச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அதே கலப்புச் சோதனையைத் திரும்பச் செய்கிறேன். நீங்கள் பின்னேரம் அழைக்கும் நேரத்தில் இங்கே விடியற்காலை, நான் போத்தலோடு நிற்பேன்; எடுக்காவிட்டால் யோசிக்க வேண்டாம்.

அன்பு மகள்