இறங்கின பிறகு வரும் பசி

அன்புள்ள குமார்,

அக்டோபரில் நேபாளத்தில் எவரெஸ்ட் பக்கம் இருக்கிற ஐலண்ட் பீக் சிகரம் ஏறப் போகிறாய் என்று படித்ததும் முதலில் வயிற்றெரிச்சல்தான் வந்தது, சந்தோஷம் அப்புறம். முழங்கால் நிஜமாகவே சரியாகிவிட்டதா? கயிறு, கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸில் மாட்டும் இரும்பு முள்) விஷயமெல்லாம் உன் வழிகாட்டி பார்த்துக்கொள்வார். 'இறங்கினதும் எங்கேடா நல்லா சாப்பிடுறது?' என்று கேட்டாயே, அது என் இலாகா.

மேலே எதையும் எதிர்பார்க்காதே. சிகரத்துக்குக் கீழே இருக்கிற சுக்குங் கிராமமே 4,730 மீட்டர். அங்கே போனதுமே எனக்குப் பசி செத்துப்போனது. உயரக் கோளாறுக்கு நல்லது என்று பூண்டு சூப் தருவார்கள். மருந்தோ இல்லையோ, தொண்டைக்குள் இறங்கியது அது ஒன்றுதான். கறி மட்டும் தொடாதே. கும்பு என்கிற அந்த எவரெஸ்ட் பகுதியில் உயிர்க்கொலை கூடாது என்பது ஷெர்பாக்களின் வழக்கம். அதனால் இறைச்சி கீழேயிருந்து ஆள் முதுகில், நாள்கணக்கில் வெயில் பட்டு ஏறி வருகிறது.

இறங்கும்போது நாம்சே என்கிற மலையூரில் ஒரு பேக்கரி வாசலில் ஆப்பிள் பை வாசனை அடித்தது. 3,440 மீட்டர். அங்கேதான் என் மூக்குக்கு மறுபடி உயிர் வந்தது. உட்கார்ந்து சாப்பிடு, காசு பார்க்காதே.

காத்மாண்டு போனதும் நான் செய்த தப்பைச் செய்யாதே. அங்கே சுற்றுலாக்காரர்கள் கூடும் தமேலில் ஒரு பெரிய சீஸ் பீட்சா, இரண்டு பீர். மூன்று வாரம் சூப்பும் உருளைக்கிழங்குமாக இருந்த வயிறு அது. விடிய விடிய கழிப்பறையில் குடியிருந்தேன்.

மறுநாள் கூடவந்த ஷெர்பா என்னை ஒரு தக்காலி சாப்பாட்டுக்கு இழுத்துப்போனார். தக்காளி இல்லையடா, தக்காலி! நேபாளத்தின் முஸ்தாங் மலைப் பக்கத்து மக்கள். வெண்கலத் தட்டில் சோறு, கறுப்பு உளுந்துப் பருப்பு, கீரை, முள்ளங்கி ஊறுகாய், ஓரத்தில் உருகின நெய். பருப்பில் ஜிம்பு என்று ஒரு காய்ந்த புல் மாதிரி இலையை நெய்யில் தாளித்துக் கொட்டியிருந்தார்கள். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த வாசனை. சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். மூன்றாம் தடவை நான் தட்டை நீட்டியபோது பரிமாறின அம்மா சிரித்துவிட்டார். சோறு வேண்டாமென்றால் திடோ கேள். கேழ்வரகு மாவில் கிண்டினது கிடைத்தால் நம்ம ஊர்க் களியேதான், குழம்புக்குப் பதில் குந்த்ருக், அதாவது புளிக்கவைத்துக் காயவைத்த கீரைச் சாறு.

குடிக்க பீரெல்லாம் எதற்கு, தொங்பா தேடிப் பிடி. புளித்த கேழ்வரகை ஒரு குவளை நிறையக் கொடுத்து மேலே வெந்நீர் ஊற்றுவார்கள். ஐந்து நிமிஷம் ஊறவிட்டு மூங்கில் குழலால் உறிஞ்ச வேண்டும். தீரத் தீர வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருக்கலாம். மெதுவாகத்தான் ஏறும், ஆனால் ஏறும். அதனால் முதல் ராத்திரி வேண்டாம், வயிறு சோற்றுக்குப் பழகட்டும்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் பக்தபூர் போய்வா, பக்கம்தான். ஜுஜு தௌ என்று எருமைப்பால் தயிர். ஜுஜு என்றால் அந்த ஊர் நேவாரி மொழியில் ராஜா. மண்சட்டி தண்ணீரை இழுத்துவிடுவதால் கரண்டியை நட்டால் நிற்கும். நான் இரண்டு சட்டி காலி செய்துவிட்டு அங்கேயே படியில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

வரும்போது காத்மாண்டு அசன் பஜாரில் எனக்கு நூறு கிராம் ஜிம்பு வாங்கி வா. போன தடவை கொண்டுவந்தது தீர்ந்துவிட்டது. வீட்டில் தினமும் கேட்கிறார்கள்.

அன்புடன்,
சேகர்