செயலாளரின் ஆண்டறிக்கை: மொறிஸ் மைனர் வண்டிகளின் தகர மாற்று வேலைகள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு வழமைபோல் மாதம் ஒருமுறை கூடியது. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே இந்த அறிக்கையில், ஆண்டு முழுவதும் சங்கத்தின் நேரத்தை எடுத்துக்கொண்ட ஒரு வேலையைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன். பழைய மொறிஸ் மைனர் கார்களில் கறள் தின்ற தகரங்களைக் கழற்றி, இப்போது புதிதாக அடித்து வரும் மாற்றுத் தகரங்களைப் பூட்டும் வேலை அது.

அங்கத்தவர்களிடமிருந்து வந்த கோரிக்கைகளில் பெரும்பாலானவை முன் மட்காட்டுக்கானவை. காரணம் விளங்குகிறது. மைனரின் நான்கு மட்காட்டும் புரியாணியில் நிற்பவை. கழற்றலாம், பூட்டலாம், ஒட்டு வேலை இல்லை, வண்டி உடனே அழகாகிவிடும். ஆனால் 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட இந்த வண்டிக்குத் தனிச் சேஸி கிடையாது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பெட்டியும், தரைத் தகரமும், முன் ஆசனங்களுக்குக் கீழே குறுக்கே போகும் சட்டமும்தான் அதன் முதுகெலும்பு. இவை உக்கிப்போன வண்டிக்குப் புது மட்காட் வாங்குவதைச் சங்கம் இனி ஊக்குவிக்காது என்று குழு தீர்மானித்துள்ளது.

வண்டியைப் பார்க்கும்போது தடித்த திருப்புளி ஒன்று போதும். சில் பெட்டியின் அடி, ஜாக்கி வைக்கும் இடம், குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், பின் ஸ்பிரிங்கின் முன் கொளுவி, கதவுப் பிணைச்சல் தூணின் அடி, முன் மட்காட்டுக்கு உள்ளே சேறு தங்கும் மூலை ஆகிய இடங்களில் அழுத்திக் குத்திப் பாருங்கள். தகரத்தின் மேல் தகரமாக மூன்று பத்தை இருந்தால் அடியில் ஒன்றும் மிஞ்சியிராது. குறுக்குச் சட்டம் மிக முக்கியம். முன் சில்லுகளைத் தாங்கும் ரோர்ஷன் பார்களின், அதாவது முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீள் இரும்புக் கம்பிகளின், பின் முனை அதில்தான் பிடித்திருக்கிறது. அந்தப் பார்களின் முறுக்கத்தை இறக்காமல் சட்டத்தில் கை வைக்கவே கூடாது. இறக்குமுன் பாரின் முனையிலுள்ள பல் எந்தப் பல்லோடு சேர்ந்திருந்தது என்று புள்ளி குத்தி அடையாளம் இடுங்கள். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் சரிந்து நிற்கும். ஓடிப் பழகிய இடது பாரை வலதுக்கு மாற்றவும் கூடாது.

தகரம் எடுப்பிக்கும்போது வண்டிப் புத்தகத்தில் உள்ள ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் பக்கத்தில் யுத்த காலத்தில் கிடைத்ததைப் பூட்டித்தான் இந்த வண்டிகள் ஓடின. பெற்றோல் இல்லாத நாளில் மண்ணெண்ணெயிலும் ஓடின. 1963 ஒக்ரோபருக்குப் பிந்திய வண்டிகளில் முன் பின் சைகை விளக்குகள் பெரியவை. மட்காட்டில் ஓட்டையின் அளவும் வேறு. பழைய வண்டிக்குப் பிந்திய மட்காட் வந்தால் ஓட்டையை அடைத்து மீண்டும் வெட்ட வேண்டும். பெரிய விளக்கு கிறில்லுக்குப் பக்கத்தில் பதிந்திருக்கும் முதற்கால வண்டிகளுக்கு மட்காட்டே வேறு. விளக்கைக் கழற்றி ஓட்டையை அளந்து, படம் எடுத்து அனுப்பிய பின்னரே இனிச் சங்கம் ஓடர் கொடுக்கும்.

மாற்றுத் தகரங்கள் 1990களில் இலங்கையிலேயே அடிக்கப்பட்டு, இங்கிலாந்தின் பாத் நகரப் பணிமனை ஒன்றுக்குப் போயின. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. இன்று கைக்கு வருபவற்றின் தரமோ ஒரே சீராக இல்லை. கறுப்புப் பூச்சோடு வரும் தகரத்தில் தின்னர் நனைத்த துணியால் ஒரு மூலையைத் தேயுங்கள். கறுப்பு துணியில் வந்தால் அது பயணத்துக்கு மட்டும் பூசியது. முழுவதையும் உரித்து எபொக்சி பிறைமர் அடிக்க வேண்டும். அப்படியே மேலே பெயின்ற் அடித்தால் பின்னர் கொப்புளமாக எழும்பி உரியும். வெளித்தகரம் 20 கேஜ், அதாவது 0.9 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். கேஜ் எண் குறையக் குறையத் தகரம் தடிக்கும். சில் பெட்டியின் உட்தகடு 18 கேஜை விடவும், குறுக்குச் சட்டத்தின் திருத்தத் துண்டு 16 கேஜை விடவும் மெல்லியதாக இருக்கக் கூடாது. ஃபைபர் மட்காட் கறள் பிடிக்காது, பூட்டலாம். ஆனால் விளக்குக்கு எர்த் கம்பி தனியே இழுக்க வேண்டும். அதை மறந்துவிட்டு விளக்கு மங்குகிறது என்று டைனமோவைக் கழற்றியவர்கள் உண்டு.

செய்முறைப் பட்டறைகளில் கடைப்பிடித்த ஒழுங்கை இங்கே பதிவு செய்கிறேன். பற்றரியின் இரு முனையையும் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது அசல் மைனரில் எர்த் பொசிற்றிவ், அதாவது பற்றரியின் நேர் முனையே பொடியில் பூட்டப்படும் என்பது நினைவிருக்கட்டும். பின்பக்க வேலையென்றால் டிக்கித் தரைக்குக் கீழே உள்ள எரிபொருள் தாங்கியைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் தீ. வண்டியை மட்டமான தரையில் சில்லுகளிலேயே நிறுத்தி, கதவுகளைக் கழற்றாமல் இடைவெளியை நான்கு இடத்தில் அளந்து எழுதுங்கள். பிணைச்சல் தூணுக்கும் நடுத் தூணுக்கும் இடையே 25 மில்லிமீற்றர் சதுரக் குழாய் ஒன்றை ஒட்டி முட்டுக் கொடுங்கள். ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பின்பே மறுபக்கத்தை வெட்டலாம். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் வண்டி நடுவில் தொய்யும். பிறகு கதவு எந்த நாளும் பூட்டாது.

பழைய ஸ்பொட் ஒட்டுகளை 8 மில்லிமீற்றர் துளைகருவியால் மேல் தகரத்தில் மட்டும் எடுங்கள். புதுத் தகரத்தின் விளிம்பில் 30 மில்லிமீற்றருக்கு ஒன்றாக 6 மில்லிமீற்றர் ஓட்டை போட்டு, இரண்டு முகத்துக்கும் சிங்க் பிறைமர் தடவி, கிளாம்ப் போட்டு, கதவைச் சாத்தித் திறந்து பாருங்கள். இடைவெளி எழுதிய அளவிலேயே இருந்தால்தான், வாயுக் காப்போடு கம்பியை உருக்கி ஒட்டும் மிக் ஒட்டு. கம்பி 0.6 மில்லிமீற்றர். ஒரு முனையில் ஒரு பொட்டு, அடுத்தது மறுமுனையில், பிறகு நடுவில். வரிசையாக ஒட்டிக்கொண்டு போனால் சூட்டில் தகரம் அலையடிக்கும்.

இவ்வாண்டு மூன்று இடத்தில் தவறு நடந்தது. ஒரு வண்டியில் வலப்பக்கத் தரையை ஒட்டும்போது பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சூடேறி உள் இறப்பர் போனது. அது சாரதியின் காலடித் தரைக்குக் கீழே, சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இனி முதலில் அதைக் கழற்ற வேண்டும். இன்னொரு வண்டியில் பின் மட்காட்டின் ஆணியைப் பலங்கொண்டு திருப்ப, கூட்டுக்குள் இருந்த நட் சேர்ந்து சுற்றியது. மூன்று நாள் முன்பே ஊடுருவும் எண்ணெய் விட்டு, அப்படியும் அசையாவிட்டால் ஆணியின் தலையை அரிந்துவிடுவதே மேல். மூன்றாவதுதான் மனத்தை நோகடித்தது. ஒரு கடையில் வாங்கிய சோடி மட்காட்டைப் பூட்டிப் பார்க்காமலே பெயின்ற் அடித்து முடித்தார்கள். ஆணி ஓட்டைகள் ஒரு விரலளவு தள்ளி இருந்தன. உருண்டை அரத்தால் ஓட்டையை நீட்டியபோது புதுப் பெயின்ற் விளிம்பெல்லாம் சிதறியது. மாற்று மட்காட் எதுவும் அப்படியே பொருந்தி வராது. இரண்டு மூன்று முறை பூட்டிக் கழற்றி, சுத்தியலும் அரமும் பட்டு, பொனற்றோடும் கதவோடும் கோடு சேர்ந்த பிறகே பெயின்ற். பின் மட்காட்டுக்கும் பொடிக்கும் இடையே போகும் பைப்பிங் என்னும் மெல்லிய பட்டியையும் வைத்துத்தான் பொருத்தம் பார்க்க வேண்டும். அது இல்லாமல் பார்த்த பொருத்தம், வைத்ததும் மாறிவிடும்.

நமது ஊரில் உப்புக் காற்று. பெயின்ற் காய்ந்ததும் சில் பெட்டிக்குள் மெழுகு எண்ணெயை நீள் குழாயால் அடித்து, கதவடி வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து விடுங்கள். மாரிக்கு முன்னர் ஒவ்வோர் ஆண்டும் இதைச் செய்ய வேண்டும்.

வரும் ஆண்டுக்குக் குழு சபையின் அனுமதி கோருவன: சில் பெட்டித் தகரங்களும் குறுக்குச் சட்ட முனைகளும் மொத்தமாக எடுப்பிப்பது, சங்கத்துக்கென மிக் இயந்திரம் ஒன்று வாங்குவது, மட்காட் கோரிக்கையோடு வண்டியின் அடிப்பாகப் பரிசோதனைத் தாளையும் இணைக்கச் சொல்வது. பரிசோதனைத் தாள்கள் வாசலில் உள்ள மேசையில் வைக்கப்பட்டுள்ளன. அறிக்கையைச் சபையின் ஏற்புக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்